நாலு பேரும் ஒரே ஆளாம்

எங்கள் நான்கு பேரையும் ஒரே ஆள் என்று தீர்ப்புச் சொன்ன நேரத்தில், நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் கடைக்கு மாடியில் இருந்த பிரௌசிங் சென்டர் அது. சென்டரை நடத்திய அக்கா வாசல் பக்கக் கணினியில் இருந்தார். கோயிலுக்கு அருகே ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்த சார் ஜன்னலோரம். கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டும் அண்ணன் அவருக்கு அடுத்த தடுப்பில். நான் சுவரோரம். திரையில் ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். ஒரே நபர் நான்கு கணக்குகளை இயக்கியது உறுதியாகிவிட்டதாம். அதனால் நான்கும் நிரந்தரமாக நீக்கப்படுகின்றனவாம்.

"யாரும்மா அந்த ஒரே நபர்?" என்று சார் கேட்டார்.

"தெரியல சார். நானா நீங்களான்னு போடல."

இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவா என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள். விளையாட்டுதான். ஆனால் நான் இருக்கிறேன் என்று சொல்கிறவளைப் பார்த்து நீ இல்லவே இல்லை என்று ஒருவன் சொன்னால், அது எந்த இடத்தில் நடந்தால் என்ன?

அப்போது நான் செங்கம் ரோட்டிலேயே ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். விடியற்காலையில் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறுவேன். வெறும் வயிற்றில் வருகிறவர்களுக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு தடவை எடுத்து முடித்தால், மதியம் வேலை ஓய்ந்துவிடும். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க ஆட்கள் வரும்வரை எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நாலு கடை தள்ளி இருந்த அக்காவின் சென்டருக்குப் போவேன். பெண் நடத்தும் சென்டர் என்பதால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியில் இணையம் வராத காலம் அது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணலாம்.

அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். சென்டருக்குப் பெரும்பாலும் வருவது ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள். அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான் அக்காவுக்கு அந்த விளையாட்டைக் காட்டினாள். ஊருக்குக் கிளம்பும்போது அக்கா பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊர் கட்டும் விளையாட்டு. சேர்ந்தவுடன் நமக்கு ஒரு வெற்று நிலம் தருவார்கள். அதில் வயல் போட வேண்டும், தானியக் கிடங்கு கட்ட வேண்டும், சுற்றி மதில் எழுப்ப வேண்டும், கொஞ்சம் படை வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கட்டச் சொன்னால் சில மணி நேரம் கழித்துத்தான் கட்டி முடியும். அதனால் சென்டரின் ஆமை வேக இணைப்பே அதற்குப் போதும். நாடு முழுவதும் இருந்து ஆட்கள் விளையாடினார்கள். கண் அசந்தால் பக்கத்து ஊர்க்காரன் வந்து தானியத்தைக் கொள்ளையடித்துவிட்டுப் போவான். ஆகவே நாலு பேராகச் சேர்ந்து கூட்டணி வைத்துக்கொள்வதுதான் வழி.

அக்காவைப் பார்த்து நான் சேர்ந்தேன். டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் டீ குடிக்க மேலே வந்த வேன் அண்ணன், "இன்னாபா ரெண்டு பேரும் சிரிச்சினே இருக்கீங்க" என்று எட்டிப்பார்த்துவிட்டுச் சேர்ந்தார். சார் வந்தது வேறு விதமாக. அவருடைய மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். அவளுக்கு ஈமெயில் அனுப்பத்தான் முதலில் வந்தார். அனுப்பிவிட்டுப் பதில் வருமா என்று அரை மணி நேரம் சும்மா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காதான், "சார், சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு ஒரு ஊரு கட்டுங்க" என்றார்.

அவர் கட்டிய ஊர் போல நான் ஒன்றைப் பார்த்ததில்லை. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் போட்டது. திரையில் வரும் வயலையும் அவர் அப்படித்தான் பார்த்தார். யார் மீதும் படையெடுக்க மாட்டார். தானியம் மிஞ்சினால் வண்டியில் ஏற்றி எங்கள் மூன்று பேருக்கும் அனுப்பிவிடுவார். "கெடங்குல வெச்சி என்ன பண்றது, பக்கத்துல குடுத்தா உதவும்" என்பார். கிட்டத்தட்ட வருஷம் ஒன்று ஓடியது. எங்கள் மூலையில் அவர் ஊர்தான் பெரிய ஊர்.

அந்த விளையாட்டுக்கு ஒரு ஃபோரம் இருந்தது. விளையாடுகிறவர்கள் சந்தேகம் கேட்கவும், சண்டை போடவும், பெருமை அடித்துக்கொள்ளவும் ஓர் இடம். எல்லாம் ஆங்கிலம். தமிழுக்கு என்று ஒரு தனிப் பகுதி உண்டு. அதைக் கவனித்துக்கொள்ளச் சிலரை மாடரேட்டர் ஆக்கியிருந்தார்கள். அவர்கள் பெயர் மட்டும் பச்சை எழுத்தில் தெரியும். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் யார் பதிவையும் அழிக்கலாம், யார் கணக்கையும் மூடலாம், அதற்கு 'பேன்' என்று பெயர். சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்த இளைஞர்கள். வீட்டில் ஒரு இணைப்பு, ஆபீசில் ஒரு இணைப்பு. ஒரு சென்டரில் நான்கு பேர் விளையாடுவார்கள் என்பது அவர்கள் உலகத்திலேயே கிடையாது.

நான் அந்தத் தமிழ்ப் பகுதியில் நிறைய எழுதினேன். விதிமுறைகள் என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பக்கம் இருந்தது. அது புரியாமல் ஏதாவது செய்துவிட்டுப் புது ஆட்கள் தண்டனை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பாவமாக இருந்தது. மதிய வேளைகளில் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் தமிழில் எழுதினேன். மாடரேட்டர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. என் பெயரோடு பகுதியின் உச்சியில் ஏற்றி வைத்தார்கள். நன்றி என்றார்கள், அருமை என்றார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அன்றைக்கு ஜன்னலோர சீட் கிடைக்காததுகூட எனக்குத் தெரியவில்லை.

சாரும் எழுதினார். அவருக்குத் தமிழ் டைப்பிங் வராது. அவர் சொல்லச் சொல்ல அவர் கணக்கில் இருந்து நான் அடித்துக் கொடுப்பேன். எந்தப் பருவத்தில் எந்த வயலைப் பெரிதாக்குவது, கிடங்கு நிரம்புவதற்குள் என்ன செய்வது என்று அவர் சொன்னதைப் படித்துவிட்டுக் கும்பகோணத்தில் இருந்து ஒரு பெண் வாரா வாரம் சந்தேகம் கேட்பாள். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். லாட்ஜில் தங்க வருகிறவர்களிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார்.

வம்பு வந்தது போரில்தான். ஃபோரத்தில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த பெரிய கூட்டணி ஒன்று சாரின் கிடங்கைக் கொள்ளையடிக்க ஒரு மதிய நேரத்தில் படை அனுப்பியது. அந்தக் கூட்டணியில் மாடரேட்டர்கள் சிலரும் ஆட்டக்காரர்களாக இருந்தார்கள். மதியம் எங்கள் நேரம் என்பது அவர்களுக்குத் தெரியாது. படை வந்து சேர்வதற்குள் நாங்கள் மூன்று பேரும் எங்களிடம் இருந்த எல்லாப் படையையும் சாரின் மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். வந்த படையில் ஒரு ஆள்கூடத் திரும்பவில்லை. வேன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோரத்தில் போய், 'அன்னதானம் முடிந்தது, அடுத்த பந்திக்கு ஆள் அனுப்பவும்' என்று எழுதிவிட்டார். தமிழ்ப் பகுதி முழுக்கச் சிரித்தது.

அந்த வாரமே புகார் வந்துவிட்டது. இந்த நான்கு பேரும் ஒரே இணைய எண்ணில் இருந்து வருகிறார்கள், ஒரே நேரத்தில் வருகிறார்கள், ஒருவருக்கொருவர் தானியம் அனுப்புகிறார்கள், நான்கு பேரின் தமிழும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆகவே நான்கும் ஒருவரே.

எல்லாமே உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரம். சென்டரில் எத்தனை கணினி இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே எண். மதியத்தில்தான் எங்களுக்கு ஓய்வு. தானியம் அனுப்பியது சாரின் குணம். சாரின் தமிழை அடித்தது நான். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. யாராவது ஒருத்தர் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பச்சை எழுத்தில் மூன்று வரி எழுதி, நான்கு கணக்கையும் மூடிவிட்டு, கீழே யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"பேன் பண்ணிட்டாங்கன்னா, திரும்பி எப்ப தெறப்பாங்க?" என்று சார் கேட்டார்.

"தெறக்க மாட்டாங்களாம் சார்."

"அப்ப ஊரு?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈமெயிலில் முறையிடலாம் என்று விதி இருந்தது. நான் தமிழில் எழுதிய பக்கத்திலேயே அந்த விதியும் உண்டு. பணிவாக எழுதினேன். எங்கள் ஊர், சென்டர், எங்கள் நால்வரின் வேலை எல்லாம் சொல்லி, விசாரிக்கும்படி கேட்டேன். தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொண்ட மாடரேட்டர் பதில் போட்டார். பல கணக்கு வைத்து மாட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது பிரௌசிங் சென்டர் கதைதானாம். பெண் என்று சொல்லிக்கொண்டால் அனுதாபம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாமாம். ஐம்பது வயதுக்காரர் மாதிரியும் வேன் டிரைவர் மாதிரியும் மாற்றி மாற்றி எழுதிய திறமையைப் பாராட்டுகிறாராம்.

நான் ஒரு பெண் என்பதே அவர்களுக்கு நம்ப முடியாத செய்தி. திருவண்ணாமலையில் ஒரு பெண் மத்தியானத்தில் உட்கார்ந்து படை நடத்துகிறாள் என்பதை நம்புவதைவிட, ஒரே ஆள் நாலு வேஷம் போடுகிறான் என்பதை நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

ஆதாரம் வேண்டும் என்றார்கள். நான்கு பேரும் சேர்ந்து, அவரவர் கணக்கின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். போலீஸ் ஸ்டேஷனில் திருடர்களை நிறுத்தி எடுப்பார்களே, அந்த மாதிரி.

அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "என் போட்டோவ எவன்னே தெரியாதவனுக்கு எதுக்குடி அனுப்பணும்? எனக்கு என்ன மாப்பிள்ளையா பாக்கறாங்க? நாளைக்கி அத எங்க போடுவான்னு யாரு கண்டா?"

அக்கா சொன்னது நியாயம். எனக்கும் அனுப்ப மனமில்லை. சார்தான், "நான் ஆம்பள, வயசானவன், எனக்கு என்ன போச்சி" என்று தன் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்கேன் செய்து அனுப்பினோம். அப்பாவின் அட்டையை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யலாம் என்று பதில் வந்தது. அதை நான் சாரிடம் அப்படியே சொல்லவில்லை. பார்க்கிறோம் என்று சொன்னதாகச் சொன்னேன்.

வேன் அண்ணனிடம் அப்படி மறைக்க முடியவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். அன்று சாயங்காலமே புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்து, ஃபோரத்தில் மாடரேட்டரின் குடும்பத்தை இழுத்து நாலு வரி எழுதினார். அதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு வரி வந்த பிறகுதான் அவர்களுக்கு வேகமாகப் பதில் எழுத வந்தது. பார்த்தீர்களா, இவர்களின் உண்மையான குணம் இதுதான் என்றார்கள். எங்களுக்காகக் கேள்வி கேட்ட கும்பகோணத்துப் பெண்ணையும் ஒரு வாரம் எழுதக் கூடாது என்று நிறுத்தினார்கள். மாடரேட்டர்களின் முடிவை விவாதிப்பது விதி மீறலாம்.

"இன்னாபா இது, அடிக்கறவன் அடிப்பான், அழுதா அதுக்கும் ஒரு அடியா?" என்றார் வேன் அண்ணன்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நாள் அந்த மாடரேட்டரிடம் இருந்து எனக்குத் தனியாக ஒரு ஈமெயில். இந்த முறை வேறு குரல். தான் சென்னையில் இருப்பதாகவும், பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவன் என்றும், இந்த முறை வரும்போது சென்டருக்கு நேரில் வந்து பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. அம்மாவையும் அழைத்து வருகிறேன், பௌர்ணமிக்கு எங்கும் ரூம் கிடைப்பதில்லை, உங்களுக்குத் தெரிந்த லாட்ஜ் ஏதாவது இருந்தால் சொல்ல முடியுமா.

எனக்கு மானிட்டரைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. அக்காவுடையது என்பதால் விட்டேன்.

சார் மட்டும் முகம் மலர்ந்துவிட்டார். "வரட்டும்மா. நேர்ல பாத்தா புரிஞ்சிடும் இல்ல? நம்ம லாட்ஜிலயே வெச்சிக்கலாம்." பௌர்ணமிக்கு அவர் லாட்ஜில் ரூம் என்பது சாதாரண விஷயமில்லை. வழக்கமாக வருகிற ஒரு வேலூர் குடும்பத்துக்குச் சமாதானம் சொல்லி, முதல் மாடியில் காற்றோட்டமான ரூமை எடுத்து வைத்தார்.

அந்த மாடரேட்டர் பையன் வந்து இறங்கியபோது என்ன நடந்தது என்று சார் எங்களிடம் பின்னால் சொன்னார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பேன் பண்ணீங்களே, அதுல ஒருத்தன் நான்தாங்க" என்றாராம். கிண்டலாக இல்லை. அறிமுகம் செய்துகொள்கிற மாதிரி. அவன் சிரித்துக்கொண்டே, "அப்படிங்களா அங்கிள்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டான்.

மறுநாள் மதியம் சென்டருக்கு வந்தான். இரவெல்லாம் வெறுங்காலோடு மலையைச் சுற்றி நடந்ததில் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. விந்தி விந்தி மாடி ஏறினான். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் விபூதி. நல்ல பையன் முகம். நான் மனசுக்குள் எத்தனையோ நாளாகத் திட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அக்கா அவனுக்கு டீ வரவழைத்தார். நாங்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அவன் எங்களைப் பார்த்தான், கணினிகளைப் பார்த்தான், மூலையில் இருந்த ஒற்றை மோடத்தைப் பார்த்தான்.

"புரியுதுங்க," என்றான். "நீங்க நாலு பேருன்னு எனக்கு இப்ப நல்லாவே புரியுது."

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சொன்னேன் இல்ல என்பது போல.

"அப்ப தெறந்து விட்டுடுவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்குங்க. முடிவு டீம் எடுத்தது. நாலையும் திருப்பிக் குடுத்தா, நாங்க தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடும். நாளைக்கி ஒவ்வொரு சென்டர்ல இருந்தும் இதே மாதிரி கேட்டு வருவாங்க. எங்களால செக் பண்ண முடியாது."

"நீங்க தப்பு பண்ணிட்டீங்கதானே?" என்றேன்.

அவன் டீயைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மேடம், உங்க ஒரு கணக்க மட்டும் தெறக்கறதுக்கு நான் டீம்ல பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன். நீங்க நல்லா எழுதறீங்க. தமிழ்ப் பகுதிக்கு நீங்க வேணும். கொஞ்ச நாள் போனா உங்களையும் மாடரேட்டர் ஆக்கலாம்னு இருக்கோம். என்னான்னா, விதி தெரியாம நாலு கணக்கு வெச்சிட்டேன், இனிமே செய்ய மாட்டேன்னு ஃபோரத்துல ஒரு வரி போட்டுடணும். அவ்ளோதான்."

அவன் பேசியதன் அர்த்தம் எனக்கு மெதுவாகத்தான் ஏறியது. இந்த அறையில் நான் மட்டும் ஆள், மற்ற மூன்று பேரும் என் கற்பனை என்று நானே எழுதித் தர வேண்டும். அதையும் அந்த மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து கேட்கிறான். அதில் ஒருவர்தான் நேற்று அவனுக்கு ரூம் கொடுத்தவர்.

"உங்க எதிர்ல நாலு பேரு ஒக்காந்திருக்கோம்," என்றேன். "டீ குடுத்தது ஒருத்தர், ரூம் குடுத்தது ஒருத்தர். இவங்கள்லாம் இல்லைனு நான் எழுதணுமா?"

"அப்படி இல்லங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"நான் தமிழ்ல எழுதின விதிமுறை இன்னும் மேலயே இருக்கு. என் பேர மட்டும் எடுத்துட்டீங்க. நான் ஒரு திருடின்னு சொன்னா, அந்தத் திருடி எழுதினது மட்டும் எதுக்கு? அத எடுத்துடுங்க."

"ஃபோரத்துல போட்டது எல்லாம் ஃபோரத்துக்குச் சொந்தம்னு விதியிலயே இருக்குங்க," என்றான். குரலை உயர்த்தவில்லை. "நீங்கதான அத தமிழ்ல எழுதினீங்க."

வேன் அண்ணன் எழுந்துவிட்டார். அக்கா, "ஒக்காருப்பா" என்று அவர் கையைப் பிடித்தார். அவர் உட்காரவில்லை. கீழே இறங்கிப் போய் வேனின் ஹாரனை ஒரு நீள அடி அடித்தது மேலே கேட்டது. அவன் அதன்பிறகு அதிக நேரம் இருக்கவில்லை. அம்மா காத்திருப்பார் என்றான். போகும்போது எல்லாருக்கும் கைகூப்பினான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எழுதித் தர மாட்டேன் என்று சொல்லியும், அடுத்த வாரம் என் கணக்கைத் திறந்துவிட்டார்கள். விதி தெரியாமல் செய்த பிழையை உறுப்பினர் நேரில் ஒப்புக்கொண்டதால் கருணையோடு மன்னிக்கப்பட்டார் என்று பச்சை எழுத்தில் அறிவிப்பு. நேரில் ஒப்புக்கொண்டேனாம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். என் ஊருக்குப் பக்கத்தில் சாரின் ஊர் இருந்த இடம் வெற்று நிலமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் குடியேறலாம் என்று போட்டிருந்தது. சார் என் பின்னால் நின்று பார்த்தார். "சுத்தமா எடுத்துட்டாங்களே," என்றார். மகளுக்கு ஈமெயில் அனுப்ப வேண்டும் என்று சொல்லித் தன் இடத்துக்குப் போனார். அன்று ஈமெயில் அனுப்பியதாகவும் தெரியவில்லை.

அவன் சென்டருக்கு வந்த நாளில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதி ஃபோரத்தில் போட்டேன். யார் வந்தார், எங்கே தங்கினார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எல்லாம். கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை. அதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். சிலர் படித்துவிட்டார்கள். கும்பகோணத்துப் பெண், 'நான் நம்புகிறேன், நான்கு பேரையும்' என்று கீழே எழுதினாள். அக்கா பக்கத்தை மறுபடி திறந்தபோது இரண்டும் இல்லை. என் கணக்கும் இல்லை. தமிழ் விதிமுறைகள் மட்டும் உச்சியிலேயே இருந்தன.

பிறகு கும்பகோணத்துப் பெண்ணும் இன்னும் சிலரும் சேர்ந்து இலவசத் தளம் ஒன்றில் தனியாக ஒரு ஃபோரம் ஆரம்பித்தார்கள். என்னை மாடரேட்டராக இருக்கச் சொன்னார்கள். முதலில் வேண்டாம் என்றேன், பிறகு ஒப்புக்கொண்டேன். புகார் வந்தால் முதலில் புகாருக்கு ஆளானவரைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் நான் கேட்ட விதி. அப்படிக் கேட்டதில் ஒருத்தன் எங்களை நன்றாக ஏமாற்றவும் செய்தான். உண்மையிலேயே ஆறு கணக்கு வைத்திருந்தான். அதற்காக அந்த விதியை எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னபோது நான் கத்திச் சண்டை போட்டேன். அந்த ஃபோரமும் ரொம்ப நாள் ஓடவில்லை. சண்டையால் இல்லை. ஆட்களுக்கு வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள்.

சார் அதில் சேரவில்லை. எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "இன்னொரு தடவ மொதல்ல இருந்து வயல் போட முடியாதும்மா" என்றார். சென்டருக்கு வருவதும் கம்மியானது.

ஒரு வருஷம் கழித்து அவர் லேபுக்கு வந்தார். டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றோடு காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்.

"அந்தப் பையன் போன பௌர்ணமிக்கு வந்திருந்தான்மா. ரூம் கேட்டு."

எனக்குக் கை நின்றுவிட்டது. "குடுத்தீங்களா?"

"குடுத்தேன். புக் பண்ணவங்க வரல, ஒண்ணு காலியா இருந்துது. பௌர்ணமி ரேட்டுதான், ஒரு பைசா கம்மி பண்ணல."

"ஏன் சார்? ரூம் இல்லைனு சொல்லி அனுப்பி இருக்கலாமே."

"இருக்கற ரூம இல்லைனு எப்படிம்மா சொல்றது," என்றார்.

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு நான் அமைதியாகியிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. நானாக இருந்தால் அவனை மூட்டை முடிச்சோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்திருப்பேன்.

"உங்கள அடையாளம் தெரிஞ்சிதா அவனுக்கு? நீங்க கட்டின ஊரப் பத்தி ஏதாவது கேட்டானா?"

சார் கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டான்மா. வெந்நீர் காலையில எத்தன மணிக்கு வரும்னு கேட்டான்."